50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் டெப்த் ஆஃப் ஃபீல்டும்: எப்போது திறப்பது, எவ்வளவு மூடுவது

கேமராவோடு வந்த 18–55 கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு முதன்முதலாக 50 மி.மீ. எஃப்/1.8 மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, 1.8-இல் வைத்து, எதிரில் வந்தவர் எல்லோரையும் எடுத்துத் தள்ளுவார்கள். கேமராவின் சின்னத் திரையில் அத்தனை படமும் அள்ளும். கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். ஒரு படத்தில் மூக்கு நுனி பளிச்சென்று இருக்கும், கண் மங்கல். இன்னொன்றில் காதோர முடி ஒவ்வொன்றாக எண்ணலாம், முகம் இல்லை. லென்ஸில் கோளாறு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. கிராப் சென்சார் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால், கூர்மையாக விழும் பகுதியின் மொத்த ஆழமே, அதாவது டெப்த் ஆஃப் ஃபீல்டே, சுமார் இரண்டரை செ.மீ.தான். நம் இரண்டு கண்மணிகளுக்கு இடையே ஆறு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளி இருக்கிறது. முகத்தைப் பாதி திருப்பி நின்றால் ஒரு கண் மற்றதைவிட நான்கு செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடும். இரண்டு கண்ணும் ஒரே படத்தில் கூர்மையாக வர வழியே இல்லை.

இந்தக் கட்டுரையில் கிராப் சென்சார் கேமராவும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் கையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பலர் கையில் இருக்கும் ஜோடி அது. கேனானின் எஸ்டிஎம் (2015), நிக்கானின் 1.8ஜி (2011), சோனியின் எஃப்இ (2016), எதுவானாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: டெப்த் ஆஃப் ஃபீல்டைத் தீர்மானிப்பதில் அப்பர்ச்சரைவிட தூரத்துக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. அப்பர்ச்சர் எண்ணைக் கடைசியாக முடிவு செய்யப் பழகியவர்களுக்குப் படம் தவறுவது குறைவு.

எண் சிறிது, துளை பெரிது

எஃப் எண் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் ஃபோக்கல் லெங்தை (நம் லென்ஸில் அந்த 50 மி.மீ.) அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வரும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ. எஃப்/8-இல் அது 6 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். எஃப்/16-இல் வெறும் 3 மி.மீ.

1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். இந்த ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். 1.8-லிருந்து 16-க்குப் போனால் வெளிச்சம் கிட்டத்தட்ட எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 1/2000 நொடியில் எடுத்த படத்துக்கு 1/25 நொடி தேவைப்படும். கையில் பிடித்து எடுக்கிறவர் இதை மறக்கக் கூடாது. டெப்த் வேண்டுமென்று மூடிக்கொண்டே போனால், கை நடுக்கத்தில் படம் முழுவதும் மங்கிவிடும்.

துளை சிறிதானால் ஏன் ஆழம் கூடுகிறது? கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடி இல்லாத நேரத்தில் தூரத்துப் பேருந்தின் போர்டைப் படிக்கக் கண்ணைச் சுருக்குவாரே, அங்கே நடப்பதும் இதுதான். ஃபோகஸ் தளத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் ஒரு புள்ளி, சென்சாரில் புள்ளியாக விழாமல் சின்ன வட்டமாகப் பரவுகிறது. வெளிச்சம் நுழையும் துளை குறுகினால் ஒளிக்கூம்பும் ஒடுங்குகிறது, வட்டமும் சிறுக்கிறது. போதுமான அளவு சிறுத்துவிட்டால் நம் கண் அதைப் புள்ளி என்றே எடுத்துக்கொள்ளும்.

'மொபைலிலும் எஃப்/1.8 என்றுதானே போட்டிருக்கிறது, அங்கே ஏன் பின்னணி மங்குவதில்லை?' என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. போன் கேமராவின் ஃபோக்கல் லெங்த் 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 1.8-ஆல் வகுக்க வருவது 3 மி.மீ.க்குச் சற்று மேல். உங்கள் 50 மி.மீ. லென்ஸை எஃப்/16 வரை மூடினால் கிடைக்கும் துளையும் அவ்வளவுதான். போனின் போர்ட்ரெயிட் மோட் காட்டும் மங்கலில் பெரும்பகுதி மென்பொருள் போடுவது.

எது கூர்மை என்பதற்கு ஒரு எல்லை

'போதுமான அளவு சிறுத்தால்' என்றேன். எவ்வளவு சிறுத்தால் போதும்? அந்த வட்டத்தின் விட்டம் கிராப் சென்சாருக்கு வழக்கமாக 0.02 மி.மீ. என்று எடுத்துக்கொள்வார்கள், 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சாரான ஃபுல் ஃப்ரேமுக்கு 0.03. படத்தை 8×10 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு ஒரு சாண் சொச்சம் தள்ளி வைத்துப் பார்ப்பவரின் கண்ணை மனதில் வைத்து வந்த அளவு இது. இணையத்தில் கிடைக்கும் டெப்த் கால்குலேட்டர்கள் எல்லாம் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. இந்தக் கட்டுரையின் எண்களும் அப்படி வந்தவையே.

எனவே டெப்த் என்பது கத்தி வைத்து வெட்டியதுபோல் தொடங்கி முடியும் பகுதி கிடையாது. உச்சக் கூர்மை ஒரே ஒரு தளத்தில்தான். அங்கிருந்து இரு பக்கமும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். இன்ஸ்டாகிராமில் கூர்மையாகத் தெரிந்த படம் 24 மெகாபிக்சலில் முழுதாகப் பெரிதாக்கும்போது சொதப்பலாகத் தெரிவதும் இதனால்தான். பெரிய பிரிண்ட் போடப் போகிறீர்கள் என்றால் கால்குலேட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப்பாவது கூடுதலாக மூடுங்கள்.

முதல் படி: டேப்பை வைத்து அளந்து பாருங்கள்

படித்துத் தெரிந்துகொள்வதைவிட அரை மணி நேரம் செலவழித்துக் கண்ணால் பார்ப்பது மேல். தையல் டேப்போ இஞ்ச் டேப்போ ஒன்று, ஒரு தீப்பெட்டி, கேமராவை நிறுத்த ஒரு ட்ரைபாட் இருந்தால் போதும்.

மேசையில் டேப்பை கேமராவிலிருந்து விலகிப் போகும் வாக்கில் ஒரு மீட்டர் நீளத்துக்கு நீட்டுங்கள். 50 செ.மீ. குறிக்குப் பக்கத்தில் தீப்பெட்டியை நிறுத்துங்கள். கேமராவின் மேல்பக்கத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்டிருக்கும். சென்சார் இருக்கும் இடம் அது. அங்கிருந்து தீப்பெட்டி சரியாக ஒரு மீட்டர் இருக்கட்டும். டேப்பின் எண்கள் படிக்கத் தெரியும் அளவுக்கு மட்டும் கேமராவைச் சற்று உயர்த்துங்கள். அதிகம் உயர்த்தினால் கணக்கு மாறிவிடும்.

டயலை அப்பர்ச்சர் ப்ரையாரிட்டியில் வையுங்கள். கேனானில் ஏவி, நிக்கானிலும் சோனியிலும் ஏ. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 400. ஒற்றைப் புள்ளி ஃபோகஸில் தீப்பெட்டியின் லேபிளில் ஃபோகஸ் செய்துவிட்டு, லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இனி அந்த வளையத்தைத் தொடவே கூடாது. 2 நொடி டைமர் போட்டு 1.8, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று வரிசையாக எடுங்கள்.

படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, டேப்பில் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை சுத்தமாகப் படிக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எஃப்/1.8-இல் 49-லிருந்து 51 சொச்சம் வரை, அவ்வளவுதான். எஃப்/4-இல் ஐந்து செ.மீ. சொச்சம், எஃப்/8-இல் சுமார் 11, எஃப்/16-இல் சுமார் 22. எஃப் எண் இரட்டித்தால் ஆழமும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. உங்கள் எண்கள் இதிலிருந்து கொஞ்சம் விலகலாம். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

படங்களில் இன்னொன்றும் தெரியும். தீப்பெட்டிக்கு முன்னால் எவ்வளவு கூர்மையோ, பின்னாலும் ஏறக்குறைய அவ்வளவே. 'முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு' என்று பலரும் சொல்லும் விதி இயற்கைக் காட்சி எடுப்பவர்களுக்கு, அதுவும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் பொருந்தும். போர்ட்ரெயிட் தூரத்தில் அது எடுபடாது.

ஒரு எச்சரிக்கை. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் வியூஃபைண்டரை நம்ப வேண்டாம். நீங்கள் எஃப்/11 வைத்தாலும், பட்டனை அழுத்தும்வரை லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். டெப்த் ப்ரிவியூ பட்டன் இருந்தால்தான் மூடிய நிலை தெரியும். போதாக்குறைக்கு, இந்தக் காலத்து ஃபோகஸிங் ஸ்கிரீன்கள் எஃப்/2.8-ஐ ஒட்டிய ஆழத்தைத்தான் காட்டும். 1.8-இன் உண்மையான மெல்லிய ஆழம் கண்ணுக்கே தெரியாது. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதே ஒரே சோதனை.

இரண்டாம் படி: ஓரடி பின்னால் போங்கள்

அப்பர்ச்சரை 1.8-இலேயே விட்டுவிட்டு தூரத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு மீட்டரில் இரண்டரை செ.மீ.யாக இருந்த ஆழம் ஒன்றரை மீட்டரில் சுமார் 6 செ.மீ., மூன்று மீட்டரில் சுமார் 25 செ.மீ. தூரம் இரட்டித்தால் ஆழம் நான்கு மடங்கு. அப்பர்ச்சரில் இதே மாற்றத்தைக் கொண்டுவர 1.8-லிருந்து 7.1 வரை மூட வேண்டும், நான்கு ஸ்டாப் வெளிச்சத்தை இழக்க வேண்டும். இருட்டான மண்டபத்தில் அந்த நான்கு ஸ்டாப் என்றால், ஐஎஸ்ஓ 800-இல் எடுப்பதை 12800-இல் எடுப்பது. இரண்டடி பின்னால் நகர்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை. படத்தின் ஓரங்களை அப்புறம் கொஞ்சம் வெட்டி, அதாவது க்ராப் செய்துகொள்ளலாம்.

எதிர்த் திசையிலும் போய்ப் பார்த்துவிடலாம். கேனான் எஸ்டிஎம் லென்ஸ் 35 செ.மீ. வரை நெருங்கும். அந்த இடத்தில் எஃப்/1.8-இன் ஆழம் சுமார் 2 மி.மீ. எஃப்/8-க்கு மூடினாலும் 9 மி.மீ.தான். ஒரு ஜிமிக்கியை இந்தத் தூரத்தில் எடுத்தால், முன்வரிசைக் கல் மின்னும்போது பின்வரிசை முத்து கரைந்திருக்கும். நகை, சாப்பாடு, பூ எடுப்பவர்கள் 'எஃப்/8 வைத்தும் முழுசாக வரவில்லையே' என்று குழம்புவது இங்கேதான். எஃப்/16-க்கு ஓடுவதைவிட, அரை அடி தள்ளிப்போய் எடுத்து க்ராப் செய்வது நல்லது.

சென்சார் பற்றிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'ஃபுல் ஃப்ரேமில் டெப்த் குறைவு' என்பார்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் உண்மை நேர்மாறு. ஒன்றரை மீட்டரில், 1.8-இல், கிராப் சென்சாரில் 6 செ.மீ., ஃபுல் ஃப்ரேமில் 9 செ.மீ. ஆனால் அதே அளவு முகம் சட்டத்தில் வர ஃபுல் ஃப்ரேம்காரர் ஒரு மீட்டருக்கு நெருங்கியாக வேண்டும். நெருங்கியதும் அவருக்கு 4 செ.மீ.தான். தூரம்தான் அங்கேயும் வேலையைக் காட்டுகிறது.

மூன்றாம் படி: பின்னணி மங்கலைத் தனியாகப் பாருங்கள்

பலரும் சறுக்கும் இடம் இது. டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்பது எவ்வளவு ஆழம் கூர்மையாக இருக்கிறது என்பது. பின்னணி எவ்வளவு கரைகிறது என்பது வேறு விஷயம். இரண்டும் உறவுக்காரர்கள்தான் என்றாலும் ஒன்றல்ல.

கணக்கைப் பாருங்கள். ஆள் ஒன்றரை மீட்டரில் நிற்கிறார், சுவரில் சாய்ந்த மாதிரி. முகத்துக்கும் சுவருக்கும் ஓரடி இடைவெளி. எஃப்/1.8-இல் சுவரின் ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் சுமார் 0.16 மி.மீ. வட்டமாகப் பரவும். இப்போது அதே ஆளை, அதே தூரத்தில், மொட்டை மாடியில் நிறுத்துங்கள். பின்னால் வெகுதூரத்தில் மரங்கள், கட்டடங்கள். எஃப்/8-இல் எடுங்கள். அந்தத் தூரத்துப் பின்னணி 0.2 மி.மீ. வட்டங்களாகப் பரவும். எஃப்/8 எஃப்/1.8-ஐ ஜெயித்துவிட்டது. அங்கேயே 1.8 வைத்தால் வட்டம் 1 மி.மீ.யை நெருங்கும், பின்னணி வெறும் நிறமாகிவிடும்.

ஆக, மங்கலான பின்னணி வேண்டுமென்றால் முதல் வேலை ஆளைச் சுவரை விட்டு விலக்குவது. நான்கைந்து மீட்டர் இடம் கிடைத்தால் எஃப்/2.8 வைத்தே பின்னணியைக் கரைக்கலாம், முகமும் முழுதாகக் கூர்மையாக இருக்கும். என்னைக் கேட்டால் போர்ட்ரெயிட்டில் 1.8-ஐவிட 2.8 ஒரு படி மேல். இந்த விலையில் வரும் 50 மி.மீ. லென்ஸ்கள் முழுத் திறப்பில் சற்று மென்மையாகத்தான் இருக்கும். வெள்ளை வேட்டி ஓரத்திலும் நகை மினுக்கத்திலும் ஊதா, பச்சை விளிம்பு தெரியும். 2.8-க்கு மூடியதும் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

'85 மி.மீ. வாங்கினால் டெப்த் இன்னும் குறையுமா?' முகத்தின் அளவு சட்டத்தில் மாறாமல் இருக்க நீங்கள் பின்னால் போவீர்கள் அல்லவா? அப்படிப் போனால் 1.8-இல் டெப்த் அதே 6 செ.மீ.தான். தூரத்துப் பின்னணிதான் இன்னும் பெரிதாக, இன்னும் மங்கலாக வரும்.

பின்னணியில் விளக்குகள் இருந்தால் அவை மங்கி விழும் பொக்கே வட்டங்கள் துளையின் வடிவத்தையே காட்டும். முழுத் திறப்பில் நடுவில் வட்டமாகவும் ஓரங்களில் பூனைக் கண் போலவும் இருக்கும். மூட மூட, துளையைச் சுருக்கும் தகடுகளான இதழ்களின் எண்ணிக்கை வெளியே தெரியும். 1990-இல் வந்த கேனானின் பழைய 50 மி.மீ. இரண்டாம் பதிப்பில் ஐந்து இதழ், அதனால் ஐங்கோணம். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்குகிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளலாம். எஸ்டிஎம்மிலும் நிக்கான் 1.8ஜியிலும் ஏழு.

நான்காம் படி: ஃபோகஸ் புள்ளியை நகர்த்துங்கள், கேமராவை அல்ல

நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃப்ரேம் மாற்றும் பழக்கம் கிட் லென்ஸில் சிக்கல் தராது. 1.8-இல் காலை வாரும். ஒன்றரை மீட்டரில் பத்து டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் கண்ணுக்கு இரண்டு செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடுகிறது. கண்ணுக்கு முன்னும் பின்னும் உங்களுக்கு இருப்பதே மும்மூன்று செ.மீ.தான். இதோடு எடுப்பவர் லேசாக ஆடுவதும் எதிரில் நிற்பவர் மூச்சு விடுவதும் சேர்ந்தால் கதை முடிந்தது.

கண் இருக்கும் இடத்துக்கு ஃபோகஸ் புள்ளியைக் கொண்டுபோங்கள். கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணைப் பிடியுங்கள். மிரர்லெஸ்ஸில் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் ஐ ஏஎஃப் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. குழந்தைகள், நடந்து வருகிறவர்கள் என்றால் தொடர் ஃபோகஸ் வைத்து மூன்று நான்கு படங்களாக எடுத்துத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

எங்கே நிற்பது என்று முடிவாகிவிட்டது, பின்னணியும் அமைந்துவிட்டது. இனி ஒரே கேள்வி: முன்னாலிருந்து பின்னால் வரை எவ்வளவு ஆழம் கூர்மையாக வேண்டும்?

ஒருவர் மட்டும், நேராகப் பார்க்கிறார் என்றால் 1.8 முதல் 2.8. முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் 2.8 முதல் 4. இருவர் என்றால் அவர்களைத் தோளோடு தோள், கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் நிறுத்திவிட்டால் 2.8 போதும். ஒருவர் அரை அடி பின்னால் நின்றால் 4 வேண்டும்.

கல்யாண மேடைக் குரூப் போட்டோதான் உண்மையான பரீட்சை. உட்கார்ந்திருக்கும் வரிசைக்கும் பின்னால் நிற்கும் வரிசைக்கும் இரண்டடி, அதாவது 60 செ.மீ. வித்தியாசம் இருக்கலாம். நான்கு மீட்டரில் எஃப்/1.8-இன் மொத்த ஆழம் 45 செ.மீ. என்பதால் பின்வரிசைக்கு வாய்ப்பே இல்லை. எஃப்/4-இல் ஒரு மீட்டர் கிடைக்கிறது. ஆனால் முன்வரிசையில் ஃபோகஸ் வைத்தால் பின்னால் 58 செ.மீ.தான் வரும், மயிரிழையில் தவறும். எஃப்/5.6 வையுங்கள், முன்வரிசைக்குச் சற்றே பின்னால் இருக்கும் ஒரு முகத்தில் ஃபோகஸ் வையுங்கள், முடிந்தால் பின்வரிசைக்காரர்களை முன்னால் சாயச் சொல்லுங்கள். அந்தச் சாய்தலே ஒரு ஸ்டாப்புக்குச் சமம்.

ஆறாம் படி: மூடுவதற்கும் எல்லை உண்டு

எஃப்/16, எஃப்/22 என்று போனால் எல்லாமே கூர்மையாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். துளை மிகவும் குறுகும்போது ஒளி அதன் விளிம்பில் சிதறும். மிகச் சரியான ஃபோகஸில் இருக்கும் புள்ளிகூட எஃப்/16-இல் சுமார் 0.02 மி.மீ. வட்டமாகத்தான் விழும். மங்கல் என்று நாமே வைத்துக்கொண்ட எல்லையும் அதே அளவுதானே! எஃப்/16-இல் ஆழம் கூடுகிறது, உச்சக் கூர்மை சரிகிறது. கிராப் சென்சாரில் எஃப்/11-ஐத் தாண்ட எனக்குக் காரணம் கிடைப்பது அரிது. தெருவிளக்குகளை நட்சத்திரமாகக் காட்ட வேண்டுமென்றால் மட்டும் எஃப்/16, ஏழு இதழ் லென்ஸில் பதினான்கு கதிர் வரும்.

1932-இல் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் என்ற புகைப்படக் கலைஞர்களும் இன்னும் சிலரும் சேர்ந்து 'குரூப் எஃப்/64' என்று பெயர் வைத்துக்கொண்டார்களே என்று கேட்கலாம். அவர்கள் கையில் இருந்தவை 8×10 அங்குல ஃபிலிம் போடும் பெட்டிக் கேமராக்கள். அந்த ஃபிலிமைப் பெரிதாக்காமல் அப்படியே பிரிண்ட் போடலாம், சிதறல் கண்ணில் படாது. நம் சென்சாரை அதே அளவு பிரிண்டுக்குப் பத்து மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.

ஏழாம் படி: உச்சி வெயிலில் 1.8

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 என்றால் ஷட்டர் 1/100 நொடி என்பது பழைய கணக்கு. அதே வெயிலில் 1.8-க்குத் திறந்தால் 1/8000 வேண்டும். கேனான் 1500டி, நிக்கான் டி5600 மாதிரி கேமராக்களின் ஷட்டர் 1/4000-ஐத் தாண்டாது. ஷட்டர் எண் மினுக்கி எச்சரித்தும் பட்டனை அழுத்திவிட்டால், முகம் ஒரு ஸ்டாப் வெளுத்துப்போகும்.

மூன்று வழிகள். ஆளை மரநிழலுக்குக் கூட்டிப்போவது முதல் வழி. முகத்துக்கும் அதுதான் நல்லது, கண்ணுக்குக் கீழே கறுப்பு விழாது. எஃப்/2.8-க்கு மூடினால் 1/4000-க்குள் வசதியாக அடங்கிவிடும், இது இரண்டாவது. வெயிலிலேயே நிறுத்தி 1.8-இல்தான் எடுப்பேன் என்றால் லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும், மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி8 தாராளம். வாங்கும்போது லென்ஸின் முன்விளிம்பில் குறுக்குக் கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். கேனான் எஸ்டிஎம்முக்கு 49, நிக்கான் 1.8ஜிக்கு 58. இரண்டும் 50 மி.மீ.தானே என்று ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் மாட்ட முடியாது.